நூல் சுற்றிய மோதிரம்: கற்பனை விளையாட்டில் புதையலை விவரிக்கும் முறை

கற்பனை உலகில் நடக்கும் ரோல்பிளேயிங் விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று ஐயம் எழும் இடத்தில் பகடை உருட்டப்படும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது. பாழடைந்த கோட்டையிலோ நிலவறையிலோ புகுந்து, அங்குள்ள ஆபத்துகளைக் கடந்து, புதையலை எடுத்துக்கொண்டு வெளியேறுவதே அதன் அடிப்படை ஓட்டம். புதையல் என்றால் அதில் பொற்காசுகள் இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மோதிரங்களும் இருக்கும். பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டு மாடியில் இந்த விளையாட்டை நடத்த நினைப்பவர்களுக்காக, அந்த மோதிரத்தை எப்படி விவரிப்பது என்ற ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“ஒரு தங்க மோதிரம் கிடைக்கிறது, மதிப்பு ஐம்பது காசு” என்று கதை நடத்துபவர் சொன்னால், ஆட்டக்காரர் தம் தாளில் ஐம்பது என்ற எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்டது எண் மட்டும்தான். இதற்கு மருந்தாகப் புதிதாக நடத்துபவர்கள் பலர் எதிர்த்திசையில் ஓடுகிறார்கள்: நுண்ணிய கொடிகள் படர்ந்த, யாளி முகம் தாங்கிய, பன்னிரண்டு இதழ்த் தாமரையின் நடுவே நீலக்கல் பதித்த, பழம்பெரும் அரச குலத்தின் ஒளிவீசும் பொன்மோதிரம் என்று அடுக்குகிறார்கள். இதைக் கேட்டவரிடம் கால் மணி நேரம் கழித்து அந்த மோதிரத்தில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். நீலக்கல் என்பார், அல்லது சிங்கமோ ஏதோ என்பார். அடைமொழிகள் கூடக் கூட மோதிரம் கண்ணிலிருந்து மறைந்துகொண்டே போகிறது.

ஒரு மோதிரத்தை மற்ற மோதிரங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது, யாரோ ஒருவர் அதற்குச் செய்த ஒரு செயலின் தடம் என்பதே என் கருத்து. செய்த ஆசாரியின் கையாக இருக்கலாம், அணிந்தவரின் பழக்கமாக இருக்கலாம், பறித்தவரின் அவசரமாக இருக்கலாம். ஒரே ஒரு தடம் போதும். அந்தத் தடம் கேட்பவர் மனத்தில் யார், ஏன் என்ற கேள்விகளில் ஒன்றையாவது எழுப்ப வேண்டும், ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளில் எல்லோரும் பார்த்த ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவின் மோதிரம் மகனுக்கு வரும்போது பெரும்பாலும் தொளதொளவென்றிருக்கும். அதை ஆசாரியிடம் கொடுத்து வெட்டிச் சிறிதாக்கினால் சேதாரம் போகும், போதாததற்கு அப்பா அணிந்த மோதிரத்தில் கத்தி வைக்க மனமும் வராது. எனவே உள்ளங்கைப் பக்கம் வரும் பகுதியில் நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கிப் போட்டுக்கொள்வார்கள். அந்த நூல் எண்ணெயும் சோப்பும் வியர்வையும் குடித்துச் சில மாதங்களிலேயே கறுத்துக் கெட்டியாகி, நூல் என்றே தெரியாத ஒரு கரிய பட்டையாகிவிடும். இப்போது இதை விளையாட்டுக்குள் கொண்டுபோவோம். குதிரைமொழித் தேரியைப் போன்ற ஒரு செம்மணற் காட்டின் நடுவே புதைந்த காவற்கோட்டம். அதன் வாயிலறையில் ஓர் எலும்புக்கூடு. விரலெலும்பில் ஒரு மோதிரம். “கல் ஏதும் இல்லாத தங்க மோதிரம், அடிப்பக்கத்தில் மட்டும் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது” என்று நடத்துபவர் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். ஒருவர் கத்தி முனையால் சுரண்டுவதாகச் சொல்கிறார். அது அழுக்கு இல்லை, சுற்றிய நூல் என்று தெரியவருகிறது. உடனே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர், இறந்து கிடப்பவரின் விரலுக்கு இந்த மோதிரம் பெரிது, அப்படியானால் இது முதலில் இவருடையதாக இருந்திருக்க முடியாது என்று கண்டுபிடித்துவிடுவார். அவர் வாரிசா, திருடனா என்ற கேள்வி தானாகப் பிறக்கும். நூலைப் பிரித்தால் இன்னொன்றும் கிடைக்கும்: வெளியே தெரிந்த பகுதியெல்லாம் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து வழுவழுப்பாகியிருக்க, நூலுக்கு அடியில் இருந்த பகுதி மட்டும் தேயாமல், அங்கே வெட்டியிருந்த இரண்டு எழுத்துகள் நேற்று வெட்டியவைபோலக் கூர்மையாக நிற்கும். இவ்வளவும் ஒரு முழ நூலால் நடந்தது. யாளியும் தாமரையும் தேவைப்படவில்லை.

அடுத்து விலை. புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு கணக்கு இதில் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வெளிவந்தது. அதன் விதிப்படி ஐம்பது காசுகள் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, அதாவது ஒரு பொற்காசு ஏறத்தாழ 9 கிராம். நாம் நகைக்கடையில் பேசும் பவுன் 8 கிராம். ஆகவே விளையாட்டின் ஒரு பொற்காசை நம்முடைய ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். அரைப் பவுனில் செய்த சாதாரண மோதிரத்தில் அரைக்காசுப் பொன்கூட இருக்காது. அப்படியிருக்க, கல்லில்லாத மோதிரம் ஒன்றுக்கு ஐம்பது காசு என்று விலை வைத்தால், மீதி நாற்பத்தொன்பதரைக் காசு எங்கிருந்து வந்தது என்று நடத்துபவர் தமக்குள்ளாவது பதில் வைத்திருக்க வேண்டும். அதே விதிநூலில் தேர்ந்த தொழிலாளி ஒருவரின் நாட்கூலி இரண்டு பொற்காசு என்பதால், ஐம்பது காசு என்பது இருபத்தைந்து நாள் உழைப்பு. அவ்வளவு செய்கூலி பெறும் வேலை அந்த மோதிரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அல்லது அதை வாங்குபவருக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். விலையை முதலில் பகடை போட்டு எடுத்துவிட்டு, பிறகு இந்த இடைவெளியை நிரப்ப முனைவது விவரணைக்கு நல்ல தொடக்கம்.

கல் பதித்தால் கணக்கு வேறு திசைக்குப் போகிறது. ஐந்தாம் பதிப்பின் மணிகள் பட்டியலில் முத்து, பவளம், கோமேதகம் சேரும் கார்னெட் இனம், வைடூரியம் சேரும் கிரிசோபெரில் இனம் ஆகியவை ஒவ்வொன்றும் 100 காசு. நீலம், மரகதம், மஞ்சள் புஷ்பராகம் 1,000 காசு. மாணிக்கமும் வைரமும் 5,000 காசு. நம்மூர் நவரத்தின மோதிரம் ஒன்றை அப்படியே அந்தப் பட்டியலில் வைத்துக் கூட்டினால் 13,400 காசு வரும். ஒரு சிற்றூரையே வாங்கலாம் போலிருக்கிறது. பட்டியல் கல்லின் அளவைச் சொல்லவில்லை என்பதால், மோதிரத்தில் உட்காரும் பொடிக் கற்களுக்கு அந்த விலையை அப்படியே கொடுக்க வேண்டியதில்லை. நான் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வேன். நவரத்தின மோதிரத்தின் உண்மையான பயன் விலையில் இல்லை. ஒன்பதில் ஒரு கல் மட்டும் காணாமல் போய், அந்தக் குழி காலியாக இருக்கிறது என்றோ, அங்கே அரக்கை வைத்து அடைத்திருக்கிறது என்றோ சொன்னால், எந்தக் கல் போயிற்று என்று ஆட்டக்காரர்களே விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள்.

மந்திர மோதிரத்தை எப்படி உணர்த்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மோதிரம் மெல்ல ஒளிர்கிறது, தொட்டால் விரலில் சிலிர்ப்பு ஏறுகிறது என்பவை தேய்ந்துபோன வழிகள். அவற்றைவிட நம்பத் தகுந்த வழி, பொருளின் இயல்பை நன்றாகத் தெரிந்துகொண்டு அதில் ஒன்றை மட்டும் மீறுவது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். இரும்பு துருவேறி உதிரும். பொன் இவை எதற்கும் அசையாது. முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது என்பதால் புளிப்புப் பட்டாலும் வியர்வை ஊறினாலும் பளபளப்பை இழக்கும். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி வெள்ளத்தில் மூழ்கி எழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஆற்றில் பல நாள் கிடந்த பொருள் எந்தக் கோலத்தில் வெளிவரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களிடம், “வண்டலுக்குள் கிடந்த இரும்பு மோதிரம், துருப் புள்ளி ஒன்றுகூட இல்லை” என்று சொன்னால் போதும், அதன்பின் ஒளி எதற்கு? கல்லறையில் சவத்தோடு கிடந்தும் மங்காத முத்து, அடுப்பு நெருப்பில் கிடந்தும் உருகாத அரக்கு, ஆண்டுகள் கடந்தும் கறுக்காத வெள்ளி ஆகியவையும் இதே வழியில் வேலை செய்யும். பொன்னை வைத்து மட்டும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் பொன் மாறாமலிருப்பது வியப்பே இல்லை; களிம்பு பிடித்த சுத்தப் பொன் வேண்டுமானால் வியப்புத் தரும்.

விவரத்தை ஒரே மூச்சில் கொட்டாமல் படிப்படியாகக் கொடுக்க வேண்டும் என்பது இதுவரை சொன்னதிலேயே தெரிந்திருக்கும். தூரத்திலிருந்து தெரிவது ஒன்று, கையில் எடுத்தால் தெரிவது ஒன்று, துடைத்தோ சுரண்டியோ பார்த்தால் தெரிவது ஒன்று, விவரம் அறிந்தவரிடம் காட்டினால் தெரிவது ஒன்று. இவற்றுள் கையால் அறிவதை ஏனோ பலரும் விட்டுவிடுகிறார்கள். நிலவறையில் பந்த வெளிச்சத்தில் நிறம் எங்கே சரியாகத் தெரியப்போகிறது? நம் கல்யாணங்களில் தண்ணீர்க் குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டுப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் தேடவிடும்போது, அவர்கள் கண்ணால் பார்க்காமல் விரலால் மட்டும் அதைக் கண்டுகொள்வதைப் போல, மோதிரத்தின் முதல் அறிமுகம் தொடுகையாக இருக்கலாம்: நெளி மோதிரத்தின் வளைவு, வங்கி மோதிரத்தின் V போன்ற கூர்முனை, உள்பக்கம் நகத்தில் நெருடும் ஒரு பிசிறு, எதிர்பார்த்ததைவிடக் கூடிய எடை.

விவரம் அறிந்தவரிடம் காட்டும் படியைத் தகவல் அறிக்கையாக வாசித்துவிடாமல், ஒரு பாத்திரத்தின் வாயில் வைப்பது நல்லது. கோட்டத்தை விட்டு வந்தவர்கள் மோதிரத்தைக் கடைத்தெருவில் ஓர் ஆசாரியிடம் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். அவர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, மோதிரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்: “அண்ணாச்சி, மாத்து நல்ல மாத்துதான், அதுல கொறை சொல்ல முடியாது. ஆனா இத ஒருக்கா வெட்டி ஒட்டிருக்காவ. இந்தா பாருங்க, பொடி வச்சு ஊதுன எடம் வேற நெறமா இருக்குல்லா? சின்னதாக்க வெட்டல, பெருசாக்கத்தான் துண்டு வச்சிருக்கு. யாரோ தடிச்ச வெரலுக்காரரு போட்டிருக்காரு.” இந்த நாலு வரியில் பொன்னின் தரமும் மோதிரத்தின் வரலாறும் அடுத்துத் தேட வேண்டிய ஆளின் அடையாளமும் வந்துவிட்டன. இவ்வளவையும் நடத்துபவரே தம் குரலில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்திருப்பார்கள்.

மறைந்திருக்கும் அடையாளத்துக்கு நம் மரபிலேயே ஓர் உச்சமான எடுத்துக்காட்டு உண்டு. கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. ஒன்றின் உள்ளே மாணிக்கப் பரல், மற்றொன்றின் உள்ளே முத்துப் பரல். உடைத்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. கதை நடத்துபவர் இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அடையாளம் மறைந்திருந்தாலும் அதை எட்டுவதற்கு ஒரு செயல் இருந்தது. அந்தச் செயலுக்கு விலையும் இருந்தது, பொருளே உடைந்தது. உள்ளே குழலாகச் செய்து அரக்கு அடைத்த மோதிரத்தைச் சூடாக்கினால் ஏதோ வெளிவரும், ஆனால் மேலே பதித்த முத்து கெட்டுப்போகும் என்ற நிலையை வைத்தால், சூடாக்குவதா வேண்டாமா என்று ஆட்டக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். எந்தச் செயலாலும் எட்ட முடியாத இரகசியத்தை நடத்துபவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துப் பயன் இல்லை.

முத்திரை மோதிரத்தைப் பற்றித் தனியாக ஒரு சொல். அரக்கில் பதிக்கும் முத்திரையில் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக, அதாவது இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் பதிவு நேராக விழும். மோதிரத்தைப் பார்த்தவுடன் பெயர் நேராக வாசிக்க முடிகிறது என்றால், அது பெயர் பொறித்த அணி, முத்திரை இல்லை. அரசனின் முத்திரை என்று சொல்லி ஒருவன் அதை நீட்டினால் அவன் பொய் சொல்கிறான். இதைக் கவனித்துக் கேள்வி கேட்கும் ஆட்டக்காரர் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் அந்த மாலை நன்றாகப் போகும். பெயர் பொறித்த மோதிரங்கள் இம்மண்ணுக்குப் புதியவையும் அல்ல. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து தமிழ் பிராமி எழுத்தில் பெயர் வெட்டிய மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. நம் ஆதிச்சநல்லூரில் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்களின் இரு முனைகளிலும் துளைகள் உண்டு, அவை கட்டி அணியப்பட்டவை என்பதை அந்தத் துளைகளே சொல்லிவிடுகின்றன. தொல்லியலாளர் பார்க்கும் அதே கண்ணால் ஆட்டக்காரரையும் பார்க்கவைப்பது நடத்துபவரின் வேலை.

எல்லாம் பார்த்தும் மந்திரத்தின் தன்மை பிடிபடவில்லை என்றால், ஐந்தாம் பதிப்பில் ‘ஐடென்டிஃபை’ என்ற மந்திரம் இருக்கிறது. அதைச் செய்ய ஆந்தை இறகு ஒன்றும், நூறு காசுக்குக் குறையாத ஒரு முத்தும் வேண்டும். இந்த இடத்தில் நெல்லைச் சீமைக்காரர்கள் தாராளமாகப் புன்னகைக்கலாம். பாண்டியரின் முத்துத் துறையாகப் புகழ்பெற்று, இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் கொற்கை, 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்து ஊர்தான். உங்கள் கற்பனை நாட்டில் பொருநையைப் போன்ற ஓர் ஆறும் அதன் முகத்தில் ஒரு முத்துத் துறையும் வைத்துவிட்டால், மோதிரத்தின் மந்திரத்தை அறிய விரும்பும் கூட்டம் அந்தத் துறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், கதைக்கு அடுத்த ஊரும் கிடைத்துவிடும். ஐந்தாம் பதிப்பில் மந்திரம் இல்லாமலும் ஒரு வழி உண்டு: பொருளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேர ஓய்வில் அதன்மேல் மனத்தை நிறுத்தினால் பண்பு தெரியவரும். ஆற்றல் மிகுந்த மோதிரங்கள் பலவற்றை இதேபோன்ற இன்னொரு ஓய்வில் தன்வசப்படுத்திக்கொண்ட பிறகே பயன்படுத்த முடியும், ஒரு பாத்திரம் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களை மட்டுமே அவ்வாறு வைத்துக்கொள்ளலாம். பழைய பதிப்புகளில் மந்திர மோதிரம் இரண்டுக்கு மேல் அணிய முடியாது என்று கறாராகவே இருந்தது.

சாபம் பிடித்த மோதிரம் ஒன்றை வைப்பதாக இருந்தால், அணிவதற்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு தடத்தையாவது அதில் வைத்துவிடுங்கள். கழற்ற முடியாத மோதிரம் என்றால், முன்பு அணிந்தவர் அதை அறுத்தெடுக்க முயன்ற அரத்தின் கீறல்கள் வளையத்தின் ஓரத்தில் இருக்கட்டும். கீறல்களைப் பற்றிச் சொன்ன பிறகும் ஒருவர் மாட்டிக்கொண்டால் அது அவர் பாடு. சொல்லாமல் விட்டுவிட்டுச் சாபத்தை மட்டும் அறிவிப்பது ஏமாற்று.

ஒரு புதையலில் ஒரு மோதிரத்துக்கு மட்டும் இத்தனை உழைப்பைக் கொடுங்கள். மற்றவற்றைப் “பிடியளவு சாதா மோதிரங்கள், எல்லாம் சேர்த்து முப்பது காசு” என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். எல்லாவற்றுக்கும் தடம் வைத்தால் எதைத் தொடர்வது என்று தெரியாமல் கூட்டம் அரை மணி நேரம் அங்கேயே நிற்கும். தேர்ந்தெடுத்த ஒன்றை மூன்று வாக்கியத்துக்கு மேல் போகாமல் சொல்லுங்கள், பிறகு அதையே ஒரு சிறு அட்டையில் எழுதி எடுத்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். அட்டையில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த வாரம் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் “அந்த நூல் சுத்துன மோதிரம் யார்ட்டல இருக்கு?” என்று யாராவது கேட்டால், அந்தப் பெயரையே அங்கே எழுதிக்கொள்ளலாம். “அந்த ஐம்பது காசு மோதிரம்” என்று கேட்டால், வைத்த தடம் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த புதையலில் இன்னும் கண்ணில் படும் ஒன்றை வைக்க வேண்டும். கேட்காமலேயே அதைக் கடைத்தெருவில் விற்றுக் கயிறும் விளக்கெண்ணெயும் வாங்கிவிட்டார்கள் என்றாலும் தடுக்கத் தேவையில்லை, வாங்கிய வணிகரின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.